வோல்ட், ஆம்ப், ஓம், வாட்: கணக்கு சரிதான், பல்பு ஏன் 38 ஓம் காட்டுகிறது?

கேள்வி இது: "அயர்ன் பாக்ஸ் ஒன்று 230 வோல்ட்டில் 4.3 ஆம்ப் இழுக்கிறது. இதன் மின்தடையையும் திறனையும் எப்படிக் கணக்கிடுவது? 100 வாட் குண்டு பல்புக்குக் கணக்குப் போட்டால் 529 ஓம் வருகிறது, மல்டிமீட்டரை வைத்தால் 38 ஓம்தான் காட்டுகிறது. எது சரி? ஒரு சூத்திரத்தில் ஓம் கூடினால் வாட் கூடுகிறது, இன்னொன்றில் குறைகிறது, அது எப்படி? ஃபேனுக்கும் மோட்டாருக்கும் இதே கணக்கு செல்லுமா?"

கணக்கை முதலில் முடித்துவிடலாம். அது இரண்டே வரி.

வோல்ட் ÷ ஆம்ப் = ஓம்
வோல்ட் × ஆம்ப் = வாட்

உங்கள் அயர்ன் பாக்ஸுக்கு 230 ÷ 4.3 = 53.5 ஓம். 230 × 4.3 = 989 வாட். பெட்டியின் ஸ்டிக்கரில் 1000 வாட் என்று போட்டிருப்பார்கள். மீதி 11 வாட் எங்கே போனது என்று தேட வேண்டாம். உள்ளே சூடாகும் கம்பிச் சுருளை, அதாவது காயிலைச் செய்யும்போதே சில சதவீதம் முன்பின் இருக்கும். உங்கள் மீட்டரும் 4.3 ஆம்புக்கும் 4.35 ஆம்புக்கும் வித்தியாசம் காட்டியிருக்காது.

புத்தகத்தில் இன்னும் இரண்டு சூத்திரம் இருக்கும். அவை புதியவை அல்ல, மேலே உள்ள இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டால் கிடைப்பவை. வோல்ட் தெரியாமல் ஆம்பும் ஓமும் மட்டும் கையில் இருந்தால் ஆம்ப் × ஆம்ப் × ஓம் = வாட். வேலை தெரிந்தவர்கள் 'ஐ ஸ்கொயர் ஆர்' என்று சொல்வது இதைத்தான். ஆம்ப் தெரியாமல் வோல்ட்டும் ஓமும் மட்டும் இருந்தால் வோல்ட் × வோல்ட் ÷ ஓம் = வாட். போட்டுப் பாருங்கள்: 4.3 × 4.3 × 53.5 போட்டாலும் 989, 230 × 230 ÷ 53.5 போட்டாலும் 989.

மில்லி, கிலோ வரும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 20 மில்லி ஆம்ப் என்பது 0.02 ஆம்ப். எலக்ட்ரானிக்ஸ் பக்கம் போனால் வோல்ட்டை நேராகக் கிலோ ஓமால் வகுத்துவிடுங்கள், விடை மில்லி ஆம்பிலேயே வந்துவிடும்.

பரீட்சைக்கு இது போதும். ஆனால் நீங்கள் பல்பில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டீர்கள், அதனால் விஷயம் இனிமேல்தான் இருக்கிறது. இந்தக் கணக்கில் வகுத்தல் பெருக்கலில் யாரும் தவறுவதில்லை. எந்த வோல்ட், எந்த ஆம்ப் என்பதில்தான் தவறுகிறார்கள். ஒரு பொருளின் இரண்டு முனைகளுக்கு நடுவே இருக்கும் வோல்ட்டும், அதே பொருளின் வழியே அதே நேரத்தில் ஓடும் ஆம்பும் ஒரு ஜோடி. இந்த ஜோடியைப் பிரித்து, வோல்ட்டை ஓரிடத்திலும் ஆம்பை வேறு நேரத்திலும் எடுத்தால் விடை வரும், ஆனால் அது எதற்குமான விடையாக இருக்காது.

பல்புக்கு வருவோம். 100 வாட், 230 வோல்ட். 230 × 230 ÷ 100 = 529 ஓம். இது பல்பு எரியும்போது உள்ள மின்தடை. அப்போது உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை 2500 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்ந்திருக்கும். உலோகம் சூடாக ஆக மின்தடை ஏறும். டங்ஸ்டன் அறை வெப்பத்திலிருந்து அந்த வெப்பத்துக்குப் போகும்போது பதினான்கு மடங்கு அளவுக்கு ஏறிவிடும். நீங்கள் மீட்டரை வைத்தபோது பல்பு கையில் குளிர்ந்து இருந்தது. ஓம் மோடில் மல்டிமீட்டர் என்ன செய்கிறது? தன் பேட்டரியிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி, அதனால் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பார்த்து, வகுத்துச் சொல்கிறது. அதுவும் அதே வோல்ட் ÷ ஆம்ப் கணக்குத்தான். அந்தச் சின்னக் கரண்டில் இழை சூடாகாது. ஆக 38 ஓமும் சரி, 529 ஓமும் சரி. ஒன்று குளிர்ந்த பல்பு, மற்றது எரியும் பல்பு.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிந்துகொள்ளலாம். சுவிட்ச் போட்ட அந்தக் கணத்தில் பல்பு 38 ஓம்தான். 230 ÷ 38 என்றால் 6 ஆம்ப். எரியத் தொடங்கியபின் ஓடப்போவது 0.43 ஆம்ப் மட்டுமே. நொடியில் சிறு பங்குக்குள் இழை காய்ந்து கரண்ட் இறங்கிவிடும் என்றாலும், அந்த முதல் அடி பலமான அடி. பழைய குண்டு பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிட, சுவிட்சைத் தட்டும்போது 'டப்' என்று போவதுதான் அதிகம். தேய்ந்து மெலிந்த இழை அந்த அடியைத் தாங்காது.

அயர்ன் பாக்ஸில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அதன் காயில் நிக்ரோம், அதாவது நிக்கலும் குரோமியமும் சேர்ந்த கலவை. சூடானாலும் அதன் மின்தடை சில சதவீதம்தான் மாறும். அயர்ன் பாக்ஸைச் சாக்கெட்டிலிருந்து கழற்றி, பிளக்கின் இரண்டு பின்களிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள், 50 ஓமை ஒட்டித்தான் காட்டும். குமிழைத் திருப்பி ஆன் நிலையில் வைக்க மறக்க வேண்டாம். ஆஃபில் இருந்தால் தெர்மோஸ்டாட் திறந்திருக்கும், மீட்டர் 'ஓஎல்' (அளவுக்கு மிஞ்சிய ஓம்) என்றுதான் காட்டும். காயில் போய்விட்டது என்று நினைத்து நல்ல பெட்டியைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு.

இந்த விதியைக் கண்டுபிடித்த கேயார்க் சீமோன் ஓமுக்கே இந்தச் சிக்கல் வந்தது. அவர் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது செய்த சோதனைகள் இவை. 1825-ல் வெளியிட்ட முதல் கட்டுரையில் அவர் எழுதிய சூத்திரம் மடக்கையெல்லாம் (லாகரிதம்) வரும் ஒரு தவறான சூத்திரம். காரணம் அவருடைய கணக்கு அல்ல, அவர் வைத்திருந்த பேட்டரி. அந்தக் கால வோல்டா பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்க எடுக்க அதன் வோல்ட் இறங்கிக்கொண்டே போகும். ஒரு கம்பியை அளந்த நேரத்து வோல்ட் அடுத்த கம்பியை அளக்கும்போது இருக்காது. போகன்டார்ஃப் என்ற இயற்பியலாளர் சொன்ன யோசனைப்படி, பேட்டரியை ஒதுக்கிவிட்டு பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தினார். அதன் இரு முனைகளின் வெப்பநிலை வித்தியாசம்தான் வோல்ட்டைத் தருகிறது. ஒரு முனை கொதிக்கும் தண்ணீரில், மறுமுனை பனிக்கட்டியில். இரண்டின் வெப்பநிலையும் மாறாது, அதனால் வோல்ட்டும் மாறாது. 1826-ல் நேரான விதி கிடைத்தது, 1827-ல் அது புத்தகமாக வந்தது. லண்டன் ராயல் சொசைட்டி அவருக்கு காப்லி பதக்கம் கொடுத்தது 1841-ல். அதே 1841-ல்தான் ஜூல் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர், கம்பியில் உண்டாகும் வெப்பம் ஆம்பின் இருமடிக்கும் ஓமுக்கும் ஏற்ப இருக்கும் என்று அளந்து வெளியிட்டார். நம்முடைய 'ஐ ஸ்கொயர் ஆர்' அங்கிருந்து வருகிறது.

அடுத்து, 'ஓம் கூடினால் வாட் கூடுமா, குறையுமா' என்ற கேள்வி. இரண்டும் நடக்கும். எது மாறாமல் நிற்கிறது என்பதைப் பாருங்கள். வீட்டில் எல்லாச் சாமான்களும் பக்க இணைப்பில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் அதே 230 வோல்ட். வோல்ட் நிலையாக நிற்கும் இடத்தில், ஓம் குறைந்த சாமான்தான் அதிக வாட் எடுக்கும். 2000 வாட் கெய்சர் 26.5 ஓம், 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 53 ஓம், 100 வாட் பல்பு 529 ஓம். பெரிய லோடு என்றால் சின்ன ஓம். தொடர் இணைப்பில் நிலையாக நிற்பது ஆம்ப். ஒரே கரண்ட் எல்லாவற்றின் வழியாகவும் போகிறது, எது அதிக ஓமோ அதுதான் அதிகம் சூடாகும். 60 வாட், 100 வாட் பல்பு இரண்டையும் தொடரில் போட்டால் 60 வாட் பல்புதான் பிரகாசமாக எரியும். வகுப்பில் செய்து காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வகுப்பறைக்கு வெளியே இது பொல்லாத விஷயம். தெருக் கம்பத்தில் நியூட்ரல், அதாவது எல்லா வீட்டுக் கரண்டும் திரும்பிப் போகும் பொதுக் கம்பி, அறுந்துபோனால் நடப்பது இதுதான். உங்கள் வீடு ஒரு ஃபேஸில், எதிர் வீடு இன்னொரு ஃபேஸில். நியூட்ரல் இருக்கும்வரை இருவருக்கும் தனித்தனியே 230 வோல்ட். அது அறுந்த கணத்தில் இரண்டு வீட்டு லோடும் தொடரில் வந்துவிடும், இரண்டு ஃபேஸுக்கும் நடுவே உள்ள 400 வோல்ட் அவற்றின் மேல் விழும். உங்கள் வீட்டில் ஒரு 100 வாட் பல்பு மட்டும் எரிகிறது, எதிர் வீட்டில் அயர்ன் பாக்ஸ் மட்டும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 529 + 53.5 = 582.5 ஓம். 400 ÷ 582.5 = 0.687 ஆம்ப். இனி ஒவ்வொன்றுக்கும் அதனதன் வோல்ட்டைக் கணக்கிடுங்கள். பல்புக்கு 0.687 × 529 = 363 வோல்ட். அயர்ன் பாக்ஸுக்கு 37 வோல்ட்கூட இல்லை. பல்பின் திறன் 363 × 0.687 = 249 வாட். 100 வாட் பல்பில் 249 வாட்! (அவ்வளவு சூட்டில் இழையின் ஓம் இன்னும் கூடும், அதனால் பல்பின் வோல்ட் சற்று ஏறும், வாட் சற்று இறங்கும். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.) கரண்டைச் சிக்கனமாகச் செலவழித்த வீட்டில்தான் டிவியும் எல்இடி பல்பும் புகையும், அயர்ன் போட்டுக்கொண்டிருந்த வீட்டில் 'கரண்ட் டல்லா இருக்கே' என்பதோடு போய்விடும். திடீரென்று சில பல்புகள் பளீரென்றும் சில மங்கியும் எரிந்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் மெயினை இறக்கிவிடுங்கள்.

லோ வோல்டேஜ் கணக்கையும் இதே இடத்தில் பார்த்துவிடலாம். 230 வோல்ட் 180 ஆக இறங்கினால் அது 22 சதவீதக் குறைவு. அயர்ன் பாக்ஸின் திறனும் 22 சதவீதம்தான் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். வோல்ட் குறைந்தால் ஆம்பும் கூடவே குறையும், இரண்டும் பெருகித்தான் வாட். 180 ÷ 53.5 = 3.36 ஆம்ப். 180 × 3.36 = 605 வாட். 39 சதவீதம் போய்விட்டது. பழைய 4.3 ஆம்பையே வைத்து 180 × 4.3 = 774 வாட் என்று போட்டால் ஜோடியைப் பிரித்த தவறு.

அப்படியானால் லோ வோல்டேஜில் கரண்ட் பில் மிச்சமா? சூடாக்கும் வேலையில் மிச்சமில்லை. 15 லிட்டர் கெய்சர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற வேண்டும் என்றால் 1884 கிலோஜூல் வேண்டும். ஒரு யூனிட் 3600 கிலோஜூல், ஆகவே இது அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். 2000 வாட் கெய்சர் 16 நிமிடத்தில் இதைக் கொடுத்துவிடும். 180 வோல்ட்டில் அதே கெய்சர் 1225 வாட்தான், 26 நிமிடம் ஓடும். யூனிட் ஏறக்குறைய அதேதான். காத்திருந்த நேரத்தில் தொட்டியிலிருந்து போகும் வெப்பத்தையும் சேர்த்தால் சற்றுக் கூடத்தான் செய்யும்.

இனி ஒயர். எனக்குக் கேட்டால் இந்தச் சூத்திரங்கள் வீட்டில் உண்மையாகவே உதவும் இடம் இதுதான், ஆனால் பாடத்தில் ஒயரின் மின்தடையை 'புறக்கணிக்கத்தக்கது' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். 1 ஸ்கொயர் எம்எம் (குறுக்குவெட்டுப் பரப்பு) செம்பு ஒயர் கிலோமீட்டருக்கு 19 ஓம் அளவு. 2.5 ஸ்கொயர் எம்எம் என்றால் 8 ஓம் அளவு. மெயின் போர்டிலிருந்து பாத்ரூம் 20 மீட்டர் தூரம் என்றால் கரண்ட் போய்த் திரும்ப 40 மீட்டர். 1 ஸ்கொயர் எம்எம் ஒயரில் அது 0.76 ஓம். கெய்சரின் 8.7 ஆம்ப் அதில் ஓடினால் 8.7 × 0.76 = 6.6 வோல்ட் ஒயரிலேயே விழும். சூடு 8.7 × 8.7 × 0.76 = 57 வாட். சுவருக்குள் பைப்பில் அடைந்துகிடக்கும் ஒயரில் 57 வாட். 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டிருந்தால் 24 வாட்டோடு முடிந்திருக்கும்.

இங்கே 230 × 230 ÷ 0.76 என்று போட்டுவிடக் கூடாது. போட்டால் 69,000 வாட்டுக்கு மேல் வரும், ஒயர் ஆவியாகிவிட வேண்டும். ஒயரின் இரு முனைகளுக்கும் நடுவே இருப்பது 6.6 வோல்ட்தான். அந்த 230 வேறொன்றினுடையது. மறுபடியும் அதே ஜோடிப் பிரச்சினை.

லூஸ் கான்டாக்ட்டுக்கும் இதே கணக்குத்தான். பிளக் பின் சரியாகப் பிடிக்காமல் 0.2 ஓம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அயர்ன் பாக்ஸின் 4.3 ஆம்பில் அங்கே உண்டாகும் சூடு 3.7 வாட், யாருக்கும் தெரியாது. அதே சாக்கெட்டில் 3000 வாட் கெய்சரைச் செருகினால் 13 ஆம்ப், 13 × 13 × 0.2 = 33.8 வாட். சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிடக் கூடுதல் சூடு ஒரு பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள், அரை மணி நேரம். ஆம்ப் மூன்று மடங்கு ஆனதற்குச் சூடு ஒன்பது மடங்கு ஆகிறது. பின் கறுத்துப்போய், பக்கத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தால் அந்தச் சாக்கெட்டைச் சுரண்டிச் சரிசெய்யாமல் மாற்றிவிடுங்கள். கறுத்த இடத்தில் ஓம் இன்னும் கூடியிருக்கும்.

இவ்வளவு சிறிய ஓமை மல்டிமீட்டரின் ஓம் மோடில் அளக்க முடியாது. மீட்டரின் சிவப்பு, கறுப்பு ஒயர்களுக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும். இதற்கு நல்ல வழி, லோடு போட்டு வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. பழக்கப்பட்ட எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு கணக்கைப் பாருங்கள். கெய்சர் சாக்கெட்டில் லோடு இல்லாமல் 228 வோல்ட், கெய்சர் ஓடும்போது 219 வோல்ட், ஒயரைச் சுற்றிப் பிடித்து ஆம்ப் காட்டும் கிளாம்ப் மீட்டரில் 8.3 ஆம்ப். விழுந்தது 9 வோல்ட். 9 ÷ 8.3 = 1.08 ஓம். தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து உங்கள் சாக்கெட் வரை மொத்தப் பாதையின் மின்தடை இது. அடுத்து மெயின் போர்டில் இதையே பார்க்கிறார், அங்கே 228 லோடு போட்டதும் 225 ஆகிறது. 3 வோல்ட் வெளியே விழுகிறது, மீதி 6 வோல்ட் உங்கள் வீட்டுக்குள். 6 × 8.3 = 50 வாட் உங்கள் ஒயரிலும் கான்டாக்ட்டிலும் சூடாகப் போகிறது. மின்வாரியத்தில் புகார் கொடுப்பதா, வீட்டு ஒயரிங்கைப் பார்ப்பதா என்பது இதில் தெரிந்துவிடும்.

மின்சாரத்தை ஏன் இவ்வளவு உயர்ந்த வோல்ட்டில் கொண்டுபோகிறார்கள் என்பதற்கும் இதே ஆம்ப் × ஆம்ப் × ஓம்தான் பதில். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் தமிழ்நாட்டுப் புகளூருக்கு வரும் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) லைன் 6000 மெகாவாட் கொண்டுவரக்கூடியது. ஒரு கம்பித் தொகுதி +800 கிலோவோல்ட், மற்றது −800 கிலோவோல்ட், நடுவே 16 லட்சம் வோல்ட். 6000 மெகாவாட்டை அதனால் வகுத்தால் 3750 ஆம்ப். அதே திறனை 230 வோல்ட்டில் கொண்டுவருவதானால் இரண்டு கோடியே அறுபது லட்சம் ஆம்ப் வேண்டும். அதற்கு ஒயரே கிடையாது.

எலக்ட்ரானிக்ஸ் படிப்பவர்களுக்காகச் சின்னதாக ஒன்று. 12 வோல்ட்டில் ஒரு வெள்ளை எல்இடி எரிய வேண்டும். எல்இடிக்கு 3 வோல்ட், 20 மில்லி ஆம்ப். எந்த ரெசிஸ்டர்? 12 ÷ 0.02 = 600 ஓம் என்று எழுதுபவர்கள் நிறைய. ரெசிஸ்டரின் மேல் விழுவது 12 அல்ல, 12 − 3 = 9 வோல்ட். 9 ÷ 0.02 = 450. கடையில் கிடைப்பது 470 ஓம்: மஞ்சள், ஊதா, பழுப்பு. அதில் ஓடுவது 19 மில்லி ஆம்ப், சூடு 0.17 வாட், கால் வாட் ரெசிஸ்டர் போதும். எல்இடிக்கும் 3 ÷ 0.02 = 150 ஓம் என்று சொல்லிவிடாதீர்கள். 2 வோல்ட் கொடுத்தால் அதில் கிட்டத்தட்ட ஒன்றுமே ஓடாது. எல்லாப் பொருளும் ஓம் விதிக்குக் கட்டுப்பட்டதல்ல.

கடைசியாக ஃபேனும் மோட்டாரும். வீட்டுக்கு வரும் ஏசியில், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தில், 230 வோல்ட் என்பது சராசரிப்படுத்திச் சொல்லும் அளவு. அலையின் உச்சி 325 வோல்ட் வரை போகும். ஹீட்டருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 230 வோல்ட் டிசி எவ்வளவு சூடு தருமோ அதே சூடு தரும்படித்தான் அந்த 230 வரையறுக்கப்பட்டிருக்கிறது. காயில் சுற்றிய மோட்டாரில் வேறு கதை. வோல்ட் உச்சிக்கு வரும் நேரமும் ஆம்ப் உச்சிக்கு வரும் நேரமும் ஒன்றாக இருக்காது, ஆம்ப் பின்தங்கி வரும். அதனால் வோல்ட் × ஆம்ப் போட்டால் கிடைப்பது வாட் அல்ல, வோல்ட்-ஆம்ப். அதைத் திறன் காரணியால் (பவர் ஃபேக்டர், இந்தப் பின்தங்கலைச் சொல்லும் ஒன்றுக்குக் குறைந்த எண்) பெருக்கினால்தான் வாட். இன்வெர்ட்டர் பெட்டியில் 'விஏ' என்று போட்டிருப்பது இந்த அளவைத்தான். 850 விஏ இன்வெர்ட்டரில் 850 வாட் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

கிணற்று மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1 எச்பி, சிங்கிள் ஃபேஸ், கிளாம்ப் மீட்டரில் 7 ஆம்ப். 230 × 7 = 1610 வோல்ட்-ஆம்ப். திறன் காரணி 0.75 என்றால் உண்மையில் எடுப்பது 1200 வாட் சொச்சம். அதில் தண்டைச் சுற்றும் வேலைக்கு 746 வாட் (1 எச்பி என்பது அதுதான்), மீதி சூடு. இதே மோட்டாரின் ரன்னிங் காயிலை நிறுத்திவைத்து அளந்தால் 4 ஓம்தான் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 ÷ 4 என்று போட்டால் 57 ஆம்ப் வருகிறது. ஆனால் ஓடுவது 7 ஆம்ப். காயிலின் காந்தப்புலமும், ஓடும் மோட்டார் தானே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தமும் பெரும்பங்கு வோல்ட்டை எதிர்த்து நிற்கின்றன, ஓம் மட்டும் அல்ல. அந்த 4 ஓம் வீணான எண் என்று நினைக்க வேண்டாம். காயிலில் உண்டாகும் சூட்டை அதுதான் சொல்லும்: 7 × 7 × 4 = 196 வாட்.

லோ வோல்டேஜில் மோட்டார் ஏன் எரிகிறது என்பதும் இதில் இருக்கிறது. வோல்ட் குறைந்தால் ஹீட்டர் குறைவாக ஆம்ப் எடுக்கும். தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு வேலை குறையவில்லை, அதனால் அது கூடுதல் ஆம்ப் இழுக்கும். 7 ஆம்ப் 9 ஆனால் காயிலின் சூடு 9 × 9 × 4 = 324 வாட். ஆம்ப் கூடியது 2 மட்டும், சூடு 65 சதவீதம் ஏறிவிட்டது. சாயங்காலம் எல்லா மோட்டாரும் ஓடும் நேரத்தில் லைனில் வோல்ட் விழுந்து, காயில் கருகும் கதை இதுதான்.

அளப்பது பற்றி இரண்டு வார்த்தை. கரண்ட் ஓடும் எதிலும் ஓம் மோடில் மீட்டரை வைக்காதீர்கள், மீட்டர் போய்விடும், சமயத்தில் கையும் போய்விடும். கிளாம்ப் மீட்டரை ஒரே ஒரு ஒயரில்தான் மாட்ட வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாட்டினால் போவதும் வருவதும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும்.

எதையுமே தொடாமல் வாட் கண்டுபிடிக்க வீட்டு மின்மீட்டரே போதும். அதில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், 1000 வாட் லோடுக்கு 1.125 வினாடிக்கு ஒரு மினுக்கு. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அயர்ன் பாக்ஸை மட்டும் போட்டு, அயர்ன் பாக்ஸின் விளக்கு எரியும்போது மீட்டரில் பத்து மினுக்குக்கு ஆகும் நேரத்தைப் போன் ஸ்டாப்வாட்ச்சில் பாருங்கள். 11.4 வினாடி வந்தால் உங்கள் 989 வாட் சரி. 10 வினாடியிலேயே முடிந்துவிட்டால் 1125 வாட் ஓடுகிறது, 136 வாட் கூடுதல். ஃபிரிட்ஜை அணைத்தீர்களா என்று பார்த்துவிட்டு வந்து மறுபடி எண்ணுங்கள்.